உரோமர் விழாவும் நம் மலை மிளகும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மாலைப் பனி இறங்கிய பின்னரும், கம்பளியைப் போர்த்துக்கொண்டு, கைக்குழந்தைகளோடு இவ்வளவு பேர் அமர்ந்திருப்பதைக் காண உள்ளம் நிறைகிறது. "பழைய உரோமாபுரியின் விழாக்களையும், மண்ணுக்கடியில் அண்மையில் கிடைத்த பொருள்களையும் பற்றிப் பிள்ளைகளுக்குப் பயன்படுமாறு பேசுங்கள்" என்று நம் செயலாளர் பணித்தார். நான் முதலில் தயங்கினேன். ஏலப்பாறை எங்கே? உரோமாபுரி எங்கே? கொழுந்தும் ஏலமும் மிளகும் அறிந்த நமக்கு யவனர் நாட்டுத் திருவிழாவில் என்ன உறவு என்று எண்ணினேன். நூல்களைப் புரட்டிப் பார்த்தபோதுதான், உறவு உண்டு என்பதும், அது நம் மலையின் வழியாகவே செல்கிறது என்பதும் புலனாயின.

தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். ஒரு வினாவை மனத்தில் வைத்துக்கொண்டு இவ்வுரையைக் கேளுங்கள். மக்கள் கூடி விழா எடுக்கின்றார்கள். ஆண்டுகள் உருண்டு ஓடுகின்றன. அந்த விழாவில் நின்றவர்களுள் யாருடைய பெயர் நிலைக்கிறது? யாருடைய பெயர் மறைகிறது?

உரோமர்கள் தங்கள் நகரத்துக்கே பிறந்தநாள் கொண்டாடியவர்கள். ஏப்பிரல் 21-ஆம் நாள் அந்தப் பிறந்தநாள். கி.மு. 753-ஆம் ஆண்டில் ரோமுலசு என்பான் அந்நாளில் நகருக்குக் கால்கொண்டான் என்பது அவர்கள் மரபு. இன்றும் உரோம நகரத்தார் ஆண்டுதோறும் அந்நாளைக் கொண்டாடுகின்றனர். ஆனால், அந்நாள் முதலில் நகரத்து நாளாக இருந்ததில்லை. இடையர்களின் நாளாக இருந்தது. 'பரீலியா' என்பது அதன் பெயர். அன்று ஆட்டுப்பட்டியைக் கூட்டித் துடைத்துப் பசுந்தழையால் அணி செய்வார்கள். ஆடுகளின்மேல் நீர் தெளிப்பார்கள். தினை போன்ற சிறு தானியத்தால் அப்பம் செய்து, பாலோடு படைப்பார்கள். பொழுது சாயும் வேளையில் வைக்கோலை எரித்து, அந்த நெருப்பை மூன்று முறை தாண்டுவார்கள். இதைக் கேட்கும்போது உங்கள் நினைவுக்கு வருவது என்ன? நம் மாட்டுப் பொங்கலும் போகி நெருப்பும் அல்லவா? ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. கால்நடையை நம்பி வாழ்ந்த மக்கள் எங்கிருந்தாலும் அவற்றுக்கு நன்றி சொல்ல ஒரு நாளை ஒதுக்கினார்கள் என்பதே இதன் பொருள். பின்னர் நகரம் வளர்ந்தது, பேரரசு ஆயிற்று. கி.பி. 121-ஆம் ஆண்டளவில் ஏட்ரியன் என்னும் பேரரசன் காலத்தில் இடையர் விழாவின் பெயரே மாறி, அது 'உரோமாயா' எனப்பட்டது. ஆட்டுக்காரன் விழா அரசன் விழாவாயிற்று.

இவையெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? புலவர்கள் எழுதி வைத்த நூல்களால் பாதி தெரியும். மண் காத்துத் தந்த சான்றுகளால் மீதி தெரியும். 1915-ஆம் ஆண்டில், உரோமுக்குத் தெற்கே ஆன்சியோ என்னும் கடற்கரை ஊரில், சுண்ணச் சுவரில் கறுப்பும் சிவப்புமாகத் தீட்டப்பட்ட நாட்காட்டி ஒன்று துண்டு துண்டாகக் கிடைத்தது. யூலியசு சீசர் ஆண்டுக் கணக்கைத் திருத்துவதற்கு முற்பட்ட நாட்காட்டிகளுள் இன்று எஞ்சியிருப்பது அது ஒன்றே. எந்த நாள் திருவிழா, எந்த நாள் வழக்குமன்றம் கூடும் நாள், எந்த நாள் கூடாத நாள் என்றெல்லாம் அதில் குறித்திருக்கிறார்கள். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் நல்ல நேரமும் கரிநாளும் பார்க்கிறோமே, அதைப் போன்றதே அது. இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் அதைச் சுவரில் தீட்டியவன், தன் கைவேலை இவ்வளவு காலம் பேசும் என்று கனவிலும் எண்ணியிருக்க மாட்டான்.

இனி, ஆண்டு நிறைவு விழாக்களைப் பார்ப்போம். ஒரு தலைமுறையார் அனைவரும் மறைந்து மறு தலைமுறை வரும் காலத்தை உரோமர் ஒரு 'யுகம்' என்று எண்ணினார்கள். யுகம் மாறும்போது பெருவிழா எடுப்பார்கள். "இன்று உயிரோடிருப்பவர் எவரும் முன்பு காணாத விழா, இனிமேலும் காணப்போகாத விழா, வந்து காணுங்கள்" என்று பறையறைவோர் ஊர் ஊராக அறிவிப்பார்கள். கி.மு. 17-இல் அகசுடசு பேரரசர் அத்தகைய விழா ஒன்றை எடுத்தார். அதன் நிகழ்ச்சிநிரல் முழுவதையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்தக் கல் 1890-ஆம் ஆண்டில் டைபர் ஆற்றங்கரையில் வெளிப்பட்டது. எந்த இரவில் எந்தத் தெய்வத்துக்கு எந்தப் பலி, எந்த நாளில் எந்த ஆட்டம் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. விழாப் பாடலை 27 சிறுவரும் 27 சிறுமியரும் பாடினார்கள் என்றும், அப்பாடலை இயற்றியவர் ஓரேசு என்றும் அக்கல் கூறுகின்றது. புலவரின் பெயர் இருக்கிறது. பாடிய ஐம்பத்து நான்கு பிள்ளைகளுள் ஒரு பிள்ளையின் பெயரும் அங்கே இல்லை. சற்று முன் இம்மேடையில் வாழ்த்துப் பாடிய நம் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். இவர்கள் பெயரை நாம் எங்கேனும் எழுதினோமா?

இந்த யுக விழாவைப் பற்றி நகைக்கத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. உரோம் தோன்றி எண்ணூறு ஆண்டுகள் நிறைந்தன என்று சொல்லி, கி.பி. 47-இல் கிளாடியசு என்னும் பேரரசர் மீண்டும் ஒரு யுக விழா எடுத்தார். இடையில் அறுபத்து மூன்று ஆண்டுகளே கழிந்திருந்தன. "எவரும் முன்பு காணாத விழா" என்று பறையறைந்தபோது, சென்ற விழாவைக் கண்ட கிழவர்கள் கூட்டத்தில் நின்று கைகொட்டிச் சிரித்தார்களாம். சென்ற விழாவில் ஆடிய கூத்தர் சிலரே இவ்விழாவிலும் ஆடினார்கள் என்பர். அரசன் சொல்வதைத் திருத்த வல்லது கிழவர்களின் நினைவு. இதை மறவாதீர்கள், பின்னர் இதற்கு வருவேன்.

அதற்குப் பின் இருநூறு ஆண்டுகள் சென்றன. கி.பி. 248-இல் பிலிப்பு என்னும் பேரரசர் உரோமின் ஆயிரமாவது ஆண்டை ஆரவாரத்தோடு கொண்டாடினார். சிங்கம், மான், நீர்யானை முதலிய விலங்குகளின் உருவம் பொறித்து விழாக் காசுகள் வெளியிட்டார். மறு ஆண்டிலேயே, 249-இல், உள்நாட்டுப் போரில் அவர் மாண்டார். ஆயிரம் ஆண்டுப் பெருமை அவருக்கு அரணாகவில்லை. ஆயினும் அந்தக் காசுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

அன்பர்களே! உரோமரின் விழாக்களுள் ஏழை எளியோர் மிகவும் விரும்பியது டிசம்பர் 17-இல் தொடங்கும் 'சட்டர்னேலியா' ஆகும். முதலில் ஒரு நாளாக இருந்தது, பின்னர் ஏழு நாள்வரை நீண்டது. பள்ளிகளுக்கு விடுமுறை. வழக்குமன்றங்கள் கூடா. மற்ற நாள்களில் தடுக்கப்பட்ட சூதாட்டத்துக்கும் அன்று தடையில்லை. பெருமக்கள் தங்கள் மேலாடையைக் களைந்துவிட்டு, விடுதலை பெற்ற அடிமைகள் அணியும் கம்பளிக் குல்லாயை அணிந்துகொள்வார்கள். அடிமைகளுக்கு விருந்து வைப்பார்கள். சில வீடுகளில் ஆண்டைகளே பரிமாறுவதும் உண்டு. அந்த ஓரிரு நாள் அடிமை வாய் திறந்து பேசலாம். விழா முடிந்த மறுநாள் அவன் பழையபடி அடிமை. ஒரு நாள் சமத்துவத்தை வைத்து ஓராண்டு அடிமைத்தனத்தைத் தாங்கச் செய்த விழா அது என்று கூறுவோரும் உளர். ஒரு நாளேனும் அந்த நினைவு இருந்ததே என்று கூறுவோரும் உளர். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

இவ்விழாவில் ஒருவர்க்கொருவர் பரிசு வழங்குவது வழக்கம். மெழுகுத்திரியும் மண்பொம்மையும் எளியோர் தரும் பரிசுகள். வேறென்ன தந்தார்கள்? இங்கேதான் நம் மலை உரோமர் திருவிழாவுக்குள் நுழைகின்றது. மார்சியல் என்னும் உரோமப் புலவர், வழக்கறிஞர் ஒருவருக்கு அவ்விழாவில் வந்த பரிசுகளை அடுக்கிக்கொண்டே போகிறார். அவற்றுள் ஒன்று மிளகு! இன்னொரு பாட்டில், ஆண்டுதோறும் ஓர் இராத்தல் வெள்ளி அனுப்பிக் கொண்டிருந்த செல்வர், இவ்வாண்டு அரை இராத்தல் மிளகு அனுப்பியிருக்கிறாரே என்று குறைபட்டுக் கொள்கிறார். பாருங்கள்! நம் வீட்டு முற்றத்தில் முருக்க மரத்தில் படர்ந்து கிடக்கும் கொடியின் காய், உரோமாபுரியில் வெள்ளிக்கு மாற்றாகப் பரிசு கொடுக்கும் பொருளாக இருந்தது.

பிளினி என்னும் அறிஞர், கறுப்பு மிளகின் விலை இராத்தலுக்கு நான்கு 'தினாரி' வெள்ளி என்று எழுதியிருக்கிறார். வெள்ளை மிளகு ஏழு, திப்பிலியோ பதினைந்து. "இனிப்பும் இல்லை, அழகும் இல்லை, உறைப்பு ஒன்றுக்காகவா இதை இவ்வளவு தொலைவிலிருந்து கொண்டுவருகிறார்கள்?" என்று அவர் வியந்திருக்கிறார். ஆண்டுதோறும் உரோமப் பேரரசின் செல்வத்தில் ஐந்து கோடி செஸ்டர்சு நாணயம் இந்தியாவுக்குப் போகிறதே என்று வருந்தியும் இருக்கிறார். அப்பேரறிஞர் கி.பி. 79-இல் வெசூவியசு எரிமலை வெடித்தபோது, மக்களைக் காப்பாற்றக் கப்பலில் சென்ற இடத்தில் உயிர் நீத்தார்.

இந்த மிளகு புறப்பட்ட துறை எது? நம் மலைத்தொடரில் தோன்றிப் பாயும் பெரியாறு கடலோடு கலக்கும் பகுதியில் இருந்த முசிறி. யவனரின் மரக்கலங்கள் பொன்னைக் கொணர்ந்து இறக்கி, மிளகை ஏற்றிச் சென்ற காட்சியை அகநானூற்றின் 149-ஆம் பாட்டில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் வருணிக்கிறார். பாட்டில் படித்ததை மண்ணும் மெய்ப்பித்தது. வடக்குப் பறவூரை அடுத்த பட்டணம் என்னும் சிற்றூரில், 2007-ஆம் ஆண்டு முதல் கேரள வரலாற்று ஆய்வுக் கழகத்தார் தொடர்ந்து அகழ்ந்தனர். செங்கல் மேடை அமைந்த துறையும், அதன் அருகே ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளத் தோணியும், படகு கட்டும் முளைகளும் வெளிப்பட்டன. மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. மிளகும் கிடைத்தது. முசிறி இதுவே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். இன்னும் சான்று வேண்டும் என்பாரும் உளர்.

கடலுக்கு அப்பாலும் சான்றுகள் எழுந்தன. வியன்னா நகரத்தில் பாதுகாக்கப்படும் பாப்பிரசுத் தாள் ஒன்று 1985-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினதாகிய அத்தாளில், முசிறிப் பயணத்துக்காக எழுதிய கடன் ஒப்பந்தமும், எர்மபோலன் என்னும் கப்பலில் வந்த சரக்கின் கணக்கும் இருக்கின்றன. நான்கில் ஒரு பங்கு சுங்கம் போக, சரக்கின் மதிப்பு ஏறத்தாழ எழுபது இலட்சம் செஸ்டர்சு! ஒரே கப்பலின் கணக்கு இது. எகிப்து நாட்டுச் செங்கடல் துறையாகிய பெரனிகேயில், கோயில் முற்றம் ஒன்றில் புதைந்திருந்த இந்தியச் சாடிக்குள் ஏறத்தாழ ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட மிளகு! கொடியிலிருந்து அதைப் பறித்த கை எவருடைய கை?

வந்த பொன் எங்கே போயிற்று? அதுவும் கிடைத்திருக்கிறது. புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் ஒரு பானைக்குள் 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள். மீண்டும் காசாகச் செலாவணி ஆகாதிருக்கவே இவ்வாறு வெட்டினர் என்பது அறிஞர் பலர் கருத்து. பேரரசர் முகமாயினும், நம் நாட்டு வணிகனுக்கு அது எடைக்கு எடை பொன், அவ்வளவே.

இப்போது தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு வருவோம். அரசர் பெயர் காசில் இருக்கிறது. புலவர் பெயர் கல்லில் இருக்கிறது. எளியோர் பெயர்?

இங்கிலாந்தின் வடகோடியில் விண்டோலாண்டா என்னும் உரோமப் படைமுகாம் இருந்தது. அங்கே 1973-ஆம் ஆண்டு முதல் மையால் எழுதிய மெல்லிய மரப்பட்டிகைகள் நூற்றுக்கணக்கில் கிடைத்து வருகின்றன. அவற்றுள் ஒன்று, போர்வீரர்கள் வாங்கிய பொருள்களின் கணக்கு. அதில், தப்போவின் மகன் கம்பாக்சு என்பவன் இரண்டு தினாரிக்கு மிளகு வாங்கியதாக ஒரு வரி இருக்கிறது. அரசனும் அல்லன், புலவனும் அல்லன். குளிர்நாட்டு முகாமில் கிடந்த சாதாரண மனிதன். கடைக்காரனோ கணக்கனோ எழுதிய அந்த ஒரு வரியால் அவன் இன்றும் நம்மிடையே இருக்கிறான்.

நம்மவர் பெயரும் கிடைத்தது. எகிப்தின் செங்கடல் கரையில், குசெய்ர் அல்-கதீம் என்னும் பழந்துறையில் தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்தன. அவற்றில் கண்ணன், சாத்தன் என்னும் பெயர்களை அறிஞர் படித்தனர். பெரனிகேயில் கொற்றன் என்னும் பெயர் கொண்ட ஓடு கிடைத்தது. இந்தக் கண்ணனும் சாத்தனும் கொற்றனும் எந்த ஊரினர், எந்தக் கப்பலில் சென்றனர், திரும்பி வந்தனரா என்று யார் சொல்ல வல்லார்? தங்கள் பானை மற்றவர் பானையோடு கலந்துவிடக் கூடாதே என்று ஓர் ஆணியால் கீறி வைத்தார்கள். அந்தக் கீறல் ஈராயிரம் ஆண்டு நின்றது. ஆனால், மலையேறி, ஏணி சார்த்தி, மிளகைப் பறித்து உலர்த்திச் சுமந்து இறக்கியவன் பெயரும், அவன் மனைவி பெயரும் எந்த ஓட்டிலும் இல்லை. வாங்கியவன் பெயர் உண்டு. ஏற்றியவன் பெயர் உண்டு. பறித்தவன் பெயர் இல்லை.

இன்னும் ஒரே ஒரு கண்டுபிடிப்பைச் சொல்லி நம் ஊருக்குத் திரும்புகிறேன். எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பெயி நகரத்துக்கு வெளியே, சிவிதா சூலியானா என்னும் இடத்தில் பெருஞ்செல்வர் மாளிகை ஒன்று இருந்தது. திருடர்கள் சுரங்கம் தோண்டிப் பழம்பொருள்களைக் கவர்வதை அறிந்து, அரசினர் அங்கே முறையாக அகழத் தொடங்கினர். 2021-ஆம் ஆண்டு தொடக்கத்தில், வெண்கல அணிவேலைப்பாடு நிறைந்த நாற்சக்கர விழாத்தேர் ஒன்று ஏறத்தாழ முழுமையாக வெளிப்பட்டது. திருமணத்துக்கும் ஊர்வலத்துக்கும் உரிய தேர் அது. உலகெங்கும் செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. அதே ஆண்டு நவம்பரில், அதற்கு அருகிலேயே வேறொன்று வெளிப்பட்டது. ஓர் அறை; பதினாறு சதுர மீட்டர் பரப்பு; உயரத்தில் சிறியதொரு சாளரம்; மூன்று மரக்கட்டில்கள். இரண்டு கட்டில்கள் பெரியவர்க்கு உரியன. மூன்றாவது, நான்கரை அடி அளவே உள்ளது. ஒரு குழந்தைக்கு உரியது போலும். கட்டிலின் கீழே சில மண்பாண்டங்கள். மூலையில் முதலாளியின் சாடிகளை அடுக்கியிருந்தார்கள். அது அடிமைக் குடும்பம் ஒன்று வாழ்ந்த அறையாகலாம் என்கின்றனர் அறிஞர்.

தாய்மார்களே! பதினாறு சதுர மீட்டர் என்றால் எவ்வளவு என்று உங்களுக்கு நான் அளந்து காட்ட வேண்டுமா? ஒற்றை அறையும், அதன் முன் ஒட்டிய சிறு சமையலிடமும் கொண்ட பழைய லயத்தில் பிறந்தவன் நான். அந்தச் சிறு கட்டிலைப் பற்றிப் படித்தபோது, அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நம் முன்னோர் அடிமைகள் அல்லர். உழைத்துக் கூலி பெற்றவர்கள். பின்னர்ச் சங்கம் கூட்டி உரிமையும் பெற்றவர்கள். ஆயினும், விழாத்தேரைக் கண்டவர்கள் அதன் பக்கத்து அறையில் உறங்கியவரின் பெயரைக் கேட்கவில்லையே என்ற ஏக்கம் எனக்கு நம் வீட்டு ஏக்கமாகவே பட்டது.

நம் கதையைச் சொல்கிறேன். என் தங்கையின் பேரன் கல்லூரியில் சேரப் போனான். சாதிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. பட்டியல் இனத்தார்க்குரிய சான்று கேட்கும்போது, 1950-ஆம் ஆண்டுக்கு முன்னரே குடும்பம் இங்கே வந்து நிலைத்தது என்பதைக் காட்ட வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். "என்ன ஆதாரம்?" என்றார்கள். வீட்டில் இருந்த தகரப்பெட்டியைக் கொட்டித் தேடினோம். பழைய ரேசன் அட்டை இருந்தது; ஆனால் அது பிற்காலத்தது. தங்கையின் மாமியார் உயிரோடிருந்த காலத்தில் சொல்வார்: "தொண்ணூற்றொன்பதாம் வெள்ளத்துக்கு மறுவருசம், மாரியம்மன் சாட்டுதல் முடிஞ்ச கையோட, கம்பத்திலிருந்து குமுளி வழியா நடந்தே ஏறினாங்க." அந்த வெள்ளம் கொல்லம் ஆண்டு 1099-இல், அதாவது 1924 சூலையில் வந்தது என்பது வரலாறு. ஆகவே மலையேறிய ஆண்டு 1925. நம் வீட்டுக் கிழவி, உரோமரைப் போலவே, விழாவைக் கொண்டு காலத்தை அளந்திருக்கிறாள்! ஆனால் அலுவலகத்தில் கிழவியின் நினைவு செல்லாது; தாள் வேண்டும்.

இறுதியில், பழைய தோட்டப் பள்ளி ஒன்றின் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு வரி கிடைத்தது. 1948-ஆம் ஆண்டில், ஆறு வயதில், அப்பையனின் பாட்டனார் முதல் வகுப்பில் சேர்ந்த வரி. அவர் மூன்றாம் வகுப்புக்குமேல் படிக்கவில்லை. ஆனால் யாரோ ஓர் ஆசிரியர் மைக்கூட்டில் பேனாவைத் தோய்த்து எழுதிய அந்த ஒரு வரி, எழுபது ஆண்டு கடந்து பேரனுக்குக் கல்லூரிக் கதவைத் திறந்தது. கண்ணனின் பானையோட்டுக்கும் அந்த வரிக்கும் என்ன வேறுபாடு?

எல்லார்க்கும் அத்தகைய வரி கிடைப்பதில்லை. 2000-ஆம் ஆண்டை ஒட்டி நம் பீர்மேட்டு மலையில் பல தோட்டங்கள் மூடப்பட்டபோது எத்தனை வீடுகள் இடம்பெயர்ந்தன! எத்தனை பழைய ஏடுகள் மழையில் நனைந்தும் கரையானுக்கு இரையாகியும் போயின! தோட்டத்து வழக்கில் ஒரு நாள் வேலைக்கே 'பேர்' என்றுதான் பெயர். பாதி நாள் வேலை செய்தால் அரைப்பேர். நாள்தோறும் பேர் விழுந்த நம் பாட்டிமாரின் பெயர் இன்று எந்த ஏட்டில் இருக்கிறது? பெரியாற்று அணையை 1895-இல் முடித்த பென்னிகுயிக்கு அவர்களுக்குத் தேனி மாவட்டத்து உழவர் சனவரி 15-ஆம் நாள் பொங்கலிட்டுப் பிறந்தநாள் எடுக்கின்றனர். நன்றியுள்ள செயல் அது, போற்றத்தக்கது. ஆனால், அந்தக் காட்டில் கல் சுமந்து, காய்ச்சலில் மாண்ட நூற்றுக்கணக்கானோரின் பிறந்தநாளை நம்மில் யார் அறிவார்?

ஆகவே, இந்த ஆண்டு விழாவில் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். கெட்டி அட்டை போட்ட பேரேடு ஒன்றை வாங்குவோம். காலனியின் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குவோம். மலையேறி வந்த முதல்வர் யார், அவர் மனைவி யார், எந்த ஊரிலிருந்து, எந்த வழியாக, எந்த ஆண்டில், எந்தத் தோட்டத்துக்கு வந்தனர், எந்த லயத்தில் குடியிருந்தனர், என்ன வேலை செய்தனர் என்று எழுதுவோம். ஆடவர் பெயரோடு நில்லாமல், கூடை சுமந்த பெண்களின் பெயரையும் எழுதுவோம். ஆண்டு தெரியாவிட்டால், "வெள்ளத்துக்கு மறுவருடம்" என்றே எழுதுவோம். அதைக் கணக்கிடும் வேலையை நம் பிள்ளைகள் செய்துகொள்வார்கள். தாளில் கண்டதைத் தாளில் கண்டதாகவும், காதால் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்து எழுதுவோம். ஒன்றை மற்றொன்றாக்கி எழுதினால் இரண்டும் கெடும்.

இந்தப் பேரேடே அரசு அலுவலகத்தில் சான்றாகிவிடும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால், எந்தப் பள்ளிப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும், எந்தக் கோயில் அல்லது தேவாலயக் கணக்கைப் பார்க்க வேண்டும், எந்தத் தோட்டத்தின் பழைய ஏட்டைக் கேட்க வேண்டும் என்று அது வழிகாட்டும். வழி தெரிந்தால் தாள் கிடைக்கும். எழுதும் வேலையை மாணவர்கள் ஏற்க வேண்டும். சொல்லும் வேலை முதியோருடையது. கிளாடியசு பேரரசரைக் கண்டு சிரித்தார்களே, அந்தக் கிழவர்களைப் போன்றோர் நம் காலனியில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் போன பின்பு, நம்மைப் பற்றி யார் என்ன சொன்னாலும் திருத்துவதற்கு ஆள் இராது. ஆதலால், அடுத்த ஆண்டு என்று ஒத்திப்போடுதல் ஆகாது.

ஒவ்வோர் ஆண்டு விழாவிலும், வாழ்த்துப் பாடல் முடிந்ததும், அந்தப் பேரேட்டிலிருந்து பத்து வீட்டாரின் பெயரை எழுந்து நின்று படிப்போம். பாடிய பிள்ளைகளின் பெயரையும் கடைசிப் பக்கத்தில் அவ்வாண்டுத் தேதியோடு எழுதுவோம். நம் விழாவுக்குத் தேர் இல்லை, பொற்காசு இல்லை, அரசர் இல்லை. ஆனால், இன்று இம்மேடையில் பாடிய சிறுமி ஒருத்தியின் பெயர், நூறு ஆண்டு கழித்து அவள் கொள்ளுப்பேத்தியின் கண்ணில் பட்டால், அதுவே இவ்விழாவுக்கு உரிய பயன் என்பேன்.

நம் செயலாளர் இசைந்தால், முதல் பக்கத்தை இன்றே எழுதலாம். பேனா என் சட்டைப் பையில் இருக்கிறது. மேடைக்கு வலப்புறம் கம்பளி போர்த்து அமர்ந்திருக்கும் பாட்டியாரிடமிருந்து தொடங்குவோம். அவர்தாம் இக்கூட்டத்தில் மூத்தவர் என்று கேள்விப்படுகிறேன்.